ரேஸ் ஓட்டுநருக்கு ஒரு ரசிகர் மன்றம்

கறம்பக்குடியில் கார் பந்தய மைதானம் கிடையாது. பட்டுக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் தென்னையும் நெல்லுமாக இருக்கிற ஊர் இது. கார் பந்தயத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போக வேண்டும். ஆனால் ரசிகர் மன்றம் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டி கட்டுவது, தோரணம் கட்டுவது, முதல் காட்சிக்கு விடிய விடிய காத்திருப்பது எல்லாம் பள்ளிக்கூடப் பையனுக்கே அத்துப்படி!

சினிமா நடிகருக்கு மன்றம் உண்டு. கிரிக்கெட் வீரருக்கும் கூட்டம் உண்டு. கார் ஓட்டுகிறவருக்கு ரசிகர் மன்றம் உண்டா? அந்த மன்றம் கூடினால் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் அமெரிக்காவின் சாராயக் கடத்தலில் தொடங்கி, சோழவரம் வழியாக, துபாய் வரை போக வேண்டியிருக்கிறது. கடைசியில் புதுக்கோட்டைச் சாலைக்கே திரும்பி வரவும் வேண்டியிருக்கிறது.

சாராயம் ஏற்றிய கார்கள்

ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற சாதாரணக் கார் என்று பொருள். பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட ஃபார்முலா ஒன் கார் போன்றது அல்ல. வீட்டுக்காரர் கடைக்குப் போக வாங்குகிற காரையே பந்தயத்தில் விடுவதுதான் ஸ்டாக் கார் பந்தயம். (இன்றைய ஸ்டாக் கார்கள் வெளித்தோற்றத்தில் மட்டும்தான் அப்படி. உள்ளே எல்லாமே பந்தயத்துக்காகச் செய்தவை.)

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. தெற்கு மாநிலங்களின் மலைக் கிராமங்களில் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சி இரவோடு இரவாக நகரங்களுக்குக் கொண்டு போனார்கள். மதுவிலக்கு போன பிறகும் வரி கட்டாமல் காய்ச்சுவது நிற்கவில்லை. பார்வைக்குச் சாதாரணக் கார், உள்ளே பலம் கூட்டிய எஞ்சின், சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாதபடி கெட்டியான ஸ்பிரிங்! வரி அதிகாரிகளின் வண்டி துரத்தினால் மலைப்பாதையில் தப்பிக்க வேண்டுமல்லவா? இந்த ஓட்டுநர்கள் தங்களுக்குள் யார் வேகம் என்று பார்க்க மண் மைதானங்களில் போட்டி போட்டார்கள். ஊர் மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

இந்தப் போட்டிகளை ஒழுங்குபடுத்த பில் ஃபிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் டேடோனா பீச்சில் ஒரு ஓட்டலில் கூட்டம் போட்டார். 1948 பிப்ரவரியில் நாஸ்கார் என்ற அமைப்பு பதிவானது. இதில் ஒரு சுவையான ஒற்றுமை உண்டு. தனி சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தது அதற்கு அடுத்த மாதம், அதாவது 1948 மார்ச்சில்தான்.

1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் நாஸ்காரின் முதல் ஸ்டாக் கார் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியிருப்பது தெரிந்தது. சாராயம் கடத்துகிறவர்கள் செய்கிற அதே வேலை! அவரைத் தகுதி நீக்கம் செய்து இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள்.

பின்னாளில் 50 பந்தயங்களில் வென்ற ஜூனியர் ஜான்சனும் சாராய வழக்கில் 1950களில் சிறைக்குப் போனவர்தான். 1986ல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இப்படிப்பட்டவர்கள் ரசிகர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்த நட்சத்திரங்கள் அல்ல. பக்கத்து ஊர்க்காரர், நம்மைப் போல விவசாயக் குடும்பம், நம்மிடம் இருக்கிற அதே கம்பெனிக் கார். ரசிகர்கள் ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

மன்றம் கூடும் நாள்

நாஸ்கார் ரசிகர் மன்றத்தின் நடைமுறை நம் ஊர் மன்றங்களைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி. வருடச் சந்தா கட்டினால் உறுப்பினர் அட்டை, பனியன், செய்திமடல் வரும். பெரிய பந்தயம் நடக்கிற வாரத்தில் மன்றத்தினர் ஓரிடத்தில் கூடுவார்கள். ஓட்டுநர் வருவார். வரிசையாகக் கையெழுத்து போடுவார், கேள்விகளுக்குப் பதில் சொல்வார். தொப்பி, கையுறை போன்ற அவருடைய பொருட்களை ஏலம் விட்டு நல்ல காரியத்துக்குக் கொடுப்பதும் உண்டு.

இந்தப் பழக்கத்துக்கு உதாரண புருஷர் ரிச்சர்ட் பெட்டி. ஏழு முறை சாம்பியன், 200 வெற்றிகள். அந்த 200வது வெற்றியை 1984 ஜூலை 4 அன்று டேடோனாவில் அதிபர் ரீகன் நேரில் வந்து பார்த்தார். ஆனால் பெட்டியைப் பற்றிச் சொல்கிறவர்கள் வெற்றிக் கணக்கோடு அவர் கையெழுத்தையும் சேர்த்தே சொல்வார்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, நிற்கிற கடைசி ஆள் வரைக்கும் நிதானமாக, அழகாகக் கையெழுத்து போட்டுக் கொடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். டிக்கெட் வாங்கி வருகிறவன் இல்லாவிட்டால் பந்தயமே இல்லை என்பதைப் புரிந்துகொண்டவர்.

ரசிகர்களின் பாசம் எவ்வளவு ஆழமானது என்பது 2001ல் தெரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 18, டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்று. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அவருடைய கார் எண் 3. அதன் பிறகு அந்த ஆண்டுப் பந்தயங்களில் மூன்றாவது சுற்று வரும்போது பார்வையாளர்கள் எழுந்து நின்று மூன்று விரலை உயர்த்திக் காட்டினார்கள். தொலைக்காட்சி வர்ணனையாளர்களும் அந்தச் சுற்றில் பேசாமல் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் கூடிச் சத்தமே போடாமல் இருப்பதும் ஒரு ரசிகர் கூட்டம்தான்!

நாஸ்காரில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆண்டுதோறும் ரசிகர்களுக்குப் பிடித்த ஓட்டுநர் யார் என்று தேர்ந்தெடுத்து விருது கொடுப்பார்கள். பில் எலியட் 16 முறை வாங்கினார். எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் ஜூனியர் 2003 முதல் 2017 வரை தொடர்ந்து 15 முறை வாங்கினார். சாம்பியன் பட்டம் ஓட்டுகிற திறமைக்கு, இந்த விருது சம்பாதித்த மனங்களுக்கு. இந்த விருதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு தமிழர் வருகிறார்.

சோழவரம் காலம்

தமிழ்நாட்டுக்கும் கார் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. டி எழுத்து வடிவத்தில் கான்கிரீட் தளம், ஓரத்தில் வைக்கோல் கட்டுகள். கல்கத்தா, பம்பாய், பெங்களூரில் இருந்தெல்லாம் ஓட்டுநர்கள் வந்தார்கள். கோண்டல் மகாராஜா ஓட்டினார். பின்னாளில் விஜய் மல்லையாவும் ஓட்டினார்.

வெளிநாட்டுப் பந்தயக் கார்களை ராஜாக்களும் தொழிலதிபர்களும் கொண்டு வந்தார்கள் என்றாலும், சோழவரத்தில் ஃபியட், ஹெரால்டு போன்ற சாலையில் ஓடுகிற கார்களும் எஞ்சினைத் திருத்திக்கொண்டு ஓடின. அர்த்தப்படி பார்த்தால் அதுவும் ஸ்டாக் கார் பந்தயமே. ஆனால் அமெரிக்காவில் நடந்தது இங்கே நடக்கவில்லை. அங்கே சாராயம் கடத்திய ஏழைக் குடும்பத்துப் பையன் ஓட்டினான். இங்கே கார் வைத்திருந்தவர் மட்டும்தான் ஓட்ட முடிந்தது. அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர் எத்தனை பேர்? பணம் கட்டிப் பல வருடம் காத்திருந்தால்தான் ஒரு ஃபியட் கிடைக்கும். பார்க்க வந்த கூட்டம் பெரியது. ஆனால் ஓட்டியவர் பார்த்தவரின் பக்கத்து வீட்டுக்காரராக இல்லை. ஆகவே கூட்டம் வந்தது, மன்றம் வரவில்லை.

இந்தச் சுவரை உடைக்கப் பார்த்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். வசதியான மில் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனாலும் செலவு குறைந்த பந்தயக் கார் வேண்டும் என்று மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைக் கார்களை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 1990ல் இருங்காட்டுக்கோட்டை மைதானம் வந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த பந்தய மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் உருவாக்கிய வகைக் கார்களில் ஓட்டிப் பழகியவர்கள் பலர் பிறகு பெரிய ஓட்டுநர்கள் ஆனார்கள்.

வாக்கு வாங்கிய நரேன்

1977 பொங்கல் நாளில், ஜனவரி 14 அன்று பிறந்தவர் நரேன் கார்த்திகேயன். கோவைக் குடும்பம். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். நரேன் 1996ல் ஃபார்முலா ஏசியா சாம்பியன் ஆனார். 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார்.

அதே ஆண்டு ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். (நாஸ்காரின் முதல் பந்தயம் நடந்த அதே தேதி!) மிஷ்லின் டயர்கள் அந்த மைதானத்தின் வேகமான வளைவில் தாங்காது என்று தெரிந்ததால் 14 கார்கள் முன்னோட்டச் சுற்றோடு உள்ளே போய்விட்டன. ஆறு கார்கள் மட்டுமே பந்தயம் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. ஆனால் பணம் கொடுத்து வந்த ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், பாட்டில்களை வீசினார்கள். பின்னர் மிஷ்லின் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. ரசிகன் ஏமாந்து போன நாளில்தான் நம் ஊர்க்காரருக்குப் புள்ளி கிடைத்தது என்பது விதியின் விளையாட்டு.

நரேன் நாஸ்காரில் ஓட்டிய கதை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. 2010ல் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் வைலர் அணிக்காக அவர் இறங்கினார். பிக்கப் டிரக் வடிவத்தில் இருக்கும் ஸ்டாக் கார்கள் ஓடுகிற தொடர் இது. மார்ச் மாதம் மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில் முதல் பந்தயம். சுற்று அரை மைல்தான். சேலைக்கு ஊசி குத்துவது போல இடம் பார்த்து நுழைய வேண்டிய நெருக்கமான மைதானம். முன்பின் பழக்கமில்லாமல் 13வது இடத்தில் முடித்தார். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே.

அந்த ஆண்டு அவர் ஓட்டியது ஒன்பது பந்தயங்கள் மட்டுமே. ஒன்றில்கூட வெல்லவில்லை. சாம்பியன் பட்டம் டாட் போடைனுக்குப் போனது. ஆனால் ஆண்டு இறுதியில் ரசிகர்களின் வாக்கில் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருது யாருக்கு வந்தது தெரியுமா? நரேன் கார்த்திகேயனுக்கு! இணையம் வழியாக வாக்களிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். கடல் கடந்து இந்தியாவின் வாக்குகள் போய் விழுந்தன. பல வருடம் அந்தத் தொடரிலேயே ஓட்டியவர்களுக்குக் கிடைக்காதது ஒன்பது பந்தயம் ஓட்டியவருக்குக் கிடைத்தது.

இதைக் கேலி செய்யலாம். வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பந்தயம் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கூடுவதற்கு மைதானம் இல்லாத, கைகுலுக்க ஓட்டுநர் பக்கத்தில் இல்லாத ரசிகர்கள் வேறு எங்கே கூடுவார்கள்? அந்த வாக்குப் பெட்டிதான் அவர்கள் கூடிய இடம். வீரர் ஜெயித்த பிறகு கைதட்டுவது எளிது. ஜெயிக்காதபோதும் "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லத்தானே மன்றம்?

மன்றமே வேண்டாம் என்றவர்

தமிழ்நாட்டில் கார் ஓட்டுநர் ஒருவருக்கு நிஜமாகவே ஊர் ஊராக மன்றங்கள் இருந்தன. ஆனால் அவை அவர் கார் ஓட்டியதற்காகத் தொடங்கியவை அல்ல. அஜித்குமார் நடிகராக இருந்துகொண்டே பந்தயம் ஓட்டியவர். 2003ல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ ஏசியா, 2004ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3, 2010ல் ஃபார்முலா 2 என்று இறங்கினார். கறம்பக்குடி போன்ற ஊர்களில் ஃபார்முலா என்ற சொல் கணக்குப் பாடத்துக்கு வெளியே புழங்கியதற்கு அவரும் ஒரு காரணம்.

2011 ஏப்ரல் இறுதியில், தன் 40வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, அவர் தன் பெயரில் இருந்த மன்றங்கள் அனைத்தையும் கலைத்தார். மன்றத்தின் பெயரை அரசியலுக்கும் சொந்த லாபத்துக்கும் பயன்படுத்துவது பிடிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. எந்த நடிகரும் பிறந்தநாளுக்கு மன்றத்தைக் கூட்டுவார், இவர் கலைத்தார். 2021 டிசம்பரில் தன்னை "தல" என்று அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

மன்றம் போனது, ரசிகர் போகவில்லை. 2023 ஜனவரி 11 அன்று "துணிவு" வெளியானபோது சென்னையில் லாரி மேல் ஏறிக் கொண்டாடிய 19 வயது இளைஞர் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். ஒரு படத்தின் முதல் நாளுக்கு ஒரு வீட்டின் பிள்ளை விலை! மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓட்டுகிறவர் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, ஐந்தாறு பட்டைகள் சேர்ந்த பெல்ட் என்று எல்லாப் பாதுகாப்போடும் அமர்கிறார். அவரை நேசிக்கிறவன் செருப்போடு லாரி மேல் ஏறுகிறான். இந்த வித்தியாசம் யோசிக்க வேண்டிய ஒன்று.

2025 ஜனவரியில் அஜித் சொந்த அணியோடு துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. நல்லவேளையாகக் காயமில்லை. பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. பார்வையாளர் பகுதியில் வளைகுடாவில் வேலை செய்கிற தமிழர்கள் குவிந்தார்கள். அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் நேரில் பார்க்கிற முதல் கார் பந்தயமே அதுதான். அந்தச் சமயத்தில் கொடுத்த பேட்டியில், நடிகர்களை வாழ்க என்று கத்துகிறீர்களே, நீங்கள் எப்போது வாழப்போகிறீர்கள் என்ற பொருளில் ரசிகர்களைக் கேட்டார் அஜித். பிறகு அதே ஆண்டில், என்னை விளம்பரம் செய்யாதீர்கள், இந்த விளையாட்டை விளம்பரம் செய்யுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

மன்றத்தைக் கலைத்தவருக்கு வெளிநாட்டு மைதானத்தில் கூட்டம் கூடுகிறது. மைதானத்திலேயே வளர்ந்த நரேனுக்கு இந்த அளவு கூட்டம் கூடியதில்லை. இது யாருடைய குற்றமும் இல்லை. சினிமா கறம்பக்குடிக்கு வந்தது, கார் பந்தயம் வரவில்லை. அவ்வளவுதான்.

எல்கை

வரவில்லை என்று முழுதாகச் சொல்லிவிட முடியுமா? புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் கோவில் திருவிழா என்றால் மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள். தூரத்தை இன்றைக்கும் "போய் வர எட்டு மைல்" என்று மைல் கணக்கில்தான் சொல்வார்கள். மாட்டின் உரிமையாளருக்கும் பரிசு, ஓட்டிய சாரதிக்கும் பரிசு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால் நம் ஊர் ஸ்டாக் கார் பந்தயம் இதுதான். வீட்டில் வளர்க்கிற மாடு, ஊர் போகிற சாலை, தெரிந்த சாரதி. எந்த ஊர் யாருடைய மாடு, எந்தச் சாரதி கடைசி மைலில் கெட்டிக்காரர் என்பது சாலையோரம் நிற்கிற சிறுவனுக்குக்கூடத் தெரியும். சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. பந்தயம் முடிந்ததும் சாரதி டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ரிச்சர்ட் பெட்டி கையெழுத்து போட்டுச் சம்பாதித்த நெருக்கம் இங்கே இயல்பாகவே இருக்கிறது.

ஆபத்தும் அதே அளவு இருக்கிறது. வண்டிகளை ஒட்டியே இருசக்கர வாகனத்தில் கத்திக்கொண்டு பின்தொடர்கிறவர்களும், தடுப்பு இல்லாத சாலையோரத்தில் நெருக்கி நிற்கிறவர்களும் உண்டு. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லே மான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் மேல் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு கார் பந்தய உலகம் ஓட்டுநரை மட்டுமல்ல, பார்க்க வருகிறவனையும் காப்பாற்ற வேண்டும் என்று பாடம் படித்தது. அந்தப் பாடத்தை நம் சாலையில் இன்னொரு சாவு வந்து சொல்லித்தர வேண்டாமே!

ரசிகர் மன்றம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைத்தால் விடிய விடியப் பேசலாம். வரலாறு காட்டுவது இவ்வளவுதான். மூன்று விரலைத் தூக்கி மௌனமாக நின்றவர்களும் ரசிகர்கள், கடல் கடந்து வாக்களித்தவர்களும் ரசிகர்கள், லாரி மேல் ஏறிய பையனும் ரசிகன். எந்தக் கூட்டமாக இருந்தாலும் வந்தவர் அத்தனை பேரும் பத்திரமாக வீடு திரும்பினால்தான் அது கொண்டாட்டம். பந்தயத்தில் எல்கையைத் தொட்டால் மட்டும் போதாது, திரும்பி வந்து சேர வேண்டும். அது சாரதிக்கும் பொருந்தும், சாலையோரம் நிற்கிற ரசிகனுக்கும் பொருந்தும்.